சாம்பலில் நீண்ட விரல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது அல்ல. நல்லசாமி என்பவருடையது. எண்பத்தாறாம் ஆண்டு, ரவாங்கில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேண்டீனில், தேத்தண்ணியை ஆறவிட்டு அவர் இதைச் சொன்னார். முடிவுக்கு வரும் நேரம் பார்த்து இடைவேளை முடிந்துவிட்டது. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் விடாமல் பிடித்துக் கேட்டேன். “அப்புறம் என்ன, முடிஞ்சிருச்சிலா,” என்றார். அதற்குமேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வாங்க முடியவில்லை.*

ஆக, என்னிடம் இருப்பது தலையும் உடலும் உள்ள, கால் இல்லாத கதை. (இந்த உவமையை அடிக்க நினைத்தேன். ஏன் அடிக்கவில்லை என்பது போகப்போகத் தெரியும்.)

* அவருக்குத் தினமும் யார் சோறு கட்டிக் கொடுத்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் எனக்கு முடிவு கிடைத்திருக்கும். கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்க முகம் வேண்டும், எனக்கு அது கிடையாது.

2

தொடக்கம் ஒன்று: சிலாங்கூர் ஆற்றங்கரையில் பொழுது சாயும் வேளையில், பெரம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும்போது, அந்த ஆறு தன் இரகசியங்களை —

வேண்டாம். சுற்றுலாத்துறைச் சுவரொட்டி போல இருக்கிறது. அந்த ஆற்றங்கரையில் வேலைசெய்து வாழ்ந்தவர்களுக்கு மின்மினி என்றால் கொசுவும் வரும் நேரம் என்றுதான் பொருள்.

தொடக்கம் இரண்டு: நல்லசாமிக்குத் தன் அண்ணனைப் பிடிக்காது.

பொய். கதை சூடு பிடிக்க வேண்டும் என்பதற்காக எழுதியது. அவருக்கு அண்ணன் என்றால் உயிர்.

தொடக்கம் மூன்று: சன்னாசியின் சம்பான் திரும்பி வந்தது. சன்னாசி வரவில்லை.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

சன்னாசி நல்லசாமியின் அண்ணன். கோலசிலாங்கூருக்கு மேலே, ஆற்றை ஒட்டிய ஒரு செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்க் குலை வெட்டுபவர். தோட்டத்தின் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் தன் சிறு படகான சம்பானில் ஆற்றுக்குப் போய் வலை போடுவார். மீன் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் இரட்டிப்பு மகிழ்ச்சி. பொய் சொல்ல வாய்ப்புக் கிடைக்குமே. நல்லசாமி ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டதால் லயத்து வீட்டில் சன்னாசியும் அவர் மனைவி லீலாவதியும் மட்டும்தான்.

ஒரு நாள் சம்பான் மட்டும் கரையோர நீப்பாப் பனை மட்டைகளுக்கிடையில் சிக்கிக் கிடந்தது. உள்ளே வலை இல்லை. சட்டை இல்லை. சன்னாசி இல்லை. தோட்டமே திரண்டு தேடியது. ஆற்றோரச் சேற்றில் உடும்புகள் படுத்திருந்தன, நீர்நாய்க் கூட்டம் ஒன்று தலையைத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முங்கியது. மனிதன் மட்டும் எங்கும் இல்லை.

நல்லசாமி ரவாங்கிலிருந்து வந்து சேர்ந்தபோது, லீலாவதி படித்துறைப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்த —

(இல்லை. நல்லசாமி அப்படிச் சொல்லவில்லை. புருஷனை இழந்த பெண் என்றதும் என் பேனா தானாக ஒப்பாரிக்குப் போய்விட்டது.)

லீலாவதி அழவில்லை. “சாப்ட்டியா தம்பி?” என்று கேட்டாள். பிறகு, “நான் இங்கயே இருக்கேன். அவரு வந்தா வீடு பூட்டிக் கெடக்குன்னு திரும்பிப் போயிருவாரு,” என்றாள். வீட்டுக்கும் படித்துறைக்கும் நடுவே கூப்பிடு தூரம்கூட இல்லை. இப்படித்தான் அவள் பேச ஆரம்பித்திருந்தாள்.

4

பாவா வந்தது அதற்குப் பிறகு.

கோலசிலாங்கூரில் பாவாவுக்குச் சாப்பாட்டுக் கடை. கீழக்கரைக்காரர். கடைக்கு மீன் வாங்கச் சொந்த லோரியில் சுங்கை செம்பிலாங் வரை போவார். அங்கே சதுப்புக்காட்டில் வலையோடு ஓர் உடல் ஒதுங்கியிருப்பதாக மீனவர்கள் சொன்னார்கள். ஆற்றில் ஆள் காணாமல் போன செய்தி அவருக்குத் தெரியும். நாற்றம் தாங்காமல் சரியாகப் பார்க்காமலே மீனவர்கள் வலையோடு கித்தானில் சுற்றிக் கொடுத்ததை ஐஸ் கொட்டி லோரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

“நான் தொறந்து பாக்கல தம்பி. மையத்து. அப்பிடியே மூடிக் கொண்டாந்துட்டேன். முதல கடிச்சிருக்குன்னு சொன்னாங்க. கால் ரெண்டும் இல்லையாம், மொகமும் இல்லையாம். மனச தெடப்படுத்திக்க.”

போலீஸ் எங்கே என்று கேட்பீர்கள். வந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றபடி, “உன் அண்ணனா?” என்று மலாயில் கேட்டது.

கித்தானுக்கு வெளியே வலையின் ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சட்டை சுருண்டு மாட்டியிருந்தது. நீலச் சட்டை, மார்பில் ரவாங் தொழிற்சாலையின் பெயர். போன தீபாவளிக்கு நல்லசாமி அண்ணனுக்குக் கொடுத்தது.

“ஆமா. அண்ணன்தான்,” என்றார் நல்லசாமி.

அவர் கித்தானைத் திறக்கவில்லை. சட்டையைப் பார்த்துச் சொன்னார். அழுகிய உடலைத் திறந்து பார்ப்பது செத்தவருக்கு அவமானம் என்று சுற்றி நின்ற பெரியவர்கள் சொன்னார்கள், அவரும் அதற்காகக் காத்திருந்தவர்போல ஒப்புக்கொண்டார். வீட்டுக்குள்ளும் கொண்டுபோகவில்லை. லயத்து வாசலில் கித்தானோடு இறக்கி, மேலே வேட்டி போர்த்தி, மாலை போட்டு, நேராகச் சுடலைக்கு எடுத்துப் போனார்கள். செம்பனைக்காக வெட்டிச் சாய்த்திருந்த பழைய ரப்பர் மரங்களின் கட்டைகள் எக்கச்சக்கமாகக் கிடந்தன. நன்றாக எரிந்தது. “ரொம்பக் கொழுப்பு,” என்று யாரோ சொன்னதாகவும் நல்லசாமி சொன்னார். சன்னாசி ஒல்லியான ஆள்.

(இந்த இடத்தில்தான் நல்லசாமி கேண்டீனில் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் புரியாமல் தலையாட்டினேன். கதை கேட்பவனாக நான் சுமார்தான்.)

5

மறுநாள் காடாத்து. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எரிந்த இடத்தில் பால் தெளித்து, சாம்பலிலிருந்து எலும்பு பொறுக்கி, வாழை இலையில் மனித உருவமாக அடுக்குவார்கள். காலில் தொடங்கித் தலையில் முடிக்க வேண்டும். நடந்து போக வேண்டியவர் அல்லவா, அதனால் கால் முதலில். பிறகு உருவத்தைக் கலைத்துக் கலயத்தில் போட்டு ஆற்று முகத்துவாரத்தில் கரைப்பார்கள்.

சடங்கு செய்து வைத்தவர் இராமையா. தோட்டத்துக் கோயில் பூசாரி, கண் பார்வை மங்கலானவர். இலையை விரித்துவிட்டுத் தயங்கினார்.

“கால் இல்லாதவருக்கு எங்கேந்து ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியலப்பா. கையிலேருந்து ஆரம்பி. சாமி கோவிச்சுக்காது.”

கையிலிருந்து ஆரம்பித்ததுதான் வினையாகிவிட்டது. காலிலிருந்து ஆரம்பித்திருந்தால் நல்லசாமி பாதியிலேயே கண்கலங்கி ஏதோ அடுக்கிவிட்டு எழுந்திருப்பார். கையை முதலில் எடுத்ததால் கவனமாகப் பார்த்தார்.

கை முழுசாக, ஈரக் களிமண்ணில் பதிந்து, கிடந்த வரிசையிலேயே கிடந்தது. ஐந்து விரல். அது மனிதக் கைதான் என்று யாரும் சொல்வார்கள். ஆனால் மேல்கை எலும்பு அவருடைய உள்ளங்கை நீளம்கூட இல்லை. குழந்தைக்குக்கூட அதைவிட நீளமாக இருக்கும். நல்லசாமி நடுவிரலை எடுத்து இலையில் வைக்கத் தொடங்கினார். நம் விரலில் மூன்று துண்டு எலும்பு. மூன்றும் வைத்தாயிற்று. சாம்பலில் விரல் இன்னும் இருந்தது. நாலாவதையும் வைத்தார். இன்னும் இருந்தது. வைக்க வைக்க, சின்னதாகிக்கொண்டே, விரல் நீண்டுகொண்டே போய் இலையின் ஓரத்தைத் தொட்டது.

“ஆச்சாப்பா?” என்றார் இராமையா.

“ஆச்சுங்க.”

கலயத்தில் எல்லாவற்றையும் போட்டார். அந்தக் கையை மட்டும் துண்டில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

இந்தப் பகுதியை நான் எழுதும்போது என் முதுகுப் பக்கம் யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள். என் வீட்டில் நான் ஒருவன்தான். எழுதுபவர்கள் இப்படியெல்லாம் சொல்வது வழக்கம் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்.

6

நீங்கள் ஊகித்திருப்பீர்கள். பாவா பார்த்தவுடன் சொல்லிவிட்டார். கடையின் பின்கட்டில், துண்டை அவிழ்த்துக் காட்டியதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“யா அல்லா. இது ஓங்கில் கை தம்பி.”

“என்னது?”

“ஓங்கில். டால்பின்னு படிச்சவங்க சொல்றது, லும்பா லும்பாங்கிறாங்களே இங்க. இந்த ஆத்து வாயில ஒரு சாதி இருக்கு, மூக்கு நீட்டாது, மொட்டத் தலையா உருண்டையா இருக்கும். துடுப்புக்குள்ள இப்பிடிக் கை வச்சிருக்கும். எங்க ஊர்ல கரைல ஒதுங்கி மக்கிப் போனா, பொம்பளைங்க அந்தப் பக்கமே போவ மாட்டாங்க. புள்ள கை மாதிரி இருக்கும்னு.”

நல்லசாமியின் தோட்டத்து ஆட்கள் எல்லாம் கடலையே பார்க்காத ஊர்களிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். ஆற்றோரம் இரண்டு தலைமுறை வாழ்ந்தும் அவர்களுக்கு ஆறு என்றால் மீன், முதலை, வெள்ளம், அவ்வளவுதான். கித்தானைத் திறந்திருந்தால் பாவாவுக்கு அந்தக் கணமே தெரிந்திருக்கும். அவர் மரியாதைக்காகத் திறக்கவில்லை. இவர்கள் மரியாதைக்காகப் பார்க்கவில்லை. எல்லாரும் ஒழுங்காக நடந்துகொண்டதால் வந்த கேடு இது.

“அப்ப அண்ணன்?”

பாவா ஒரு விரலெலும்பைத் தொட்டு நேராக்கினார். “வலை அவன் வலைதானே. அதுல இது மாட்டியிருக்கும். அறுத்து விடலாம்னு சட்டையக் கழட்டிட்டு எறங்கியிருப்பான். ரெண்டுல ஒண்ணு மேல வந்துச்சு.”

“இன்னொண்ணு?”

“தெரியலயே தம்பி.”

வெளியே யாரோ ரொட்டி கேட்டார்கள். பாவா எழவில்லை. துண்டை அவரே மூடி முடிச்சுப் போட்டு நல்லசாமியின் கையில் வைத்தார். “அண்ணிக்கிட்ட சொல்லிரு,” என்றார்.

“சொன்னா அவங்க அந்தப் பலகைய விட்டு எந்திரிப்பாங்களா பாய்? எத்தன வருசம் உக்காந்திருப்பாங்க?”

“சொல்லலன்னா?”

“கருமாதிக்குத் தாலி எடுத்துருவாங்க.”

“ஒரு ஓங்கிலுக்காக,” என்றார் பாவா. உடனே அப்படிச் சொன்னதற்காகத் தன் வாயிலேயே தட்டிக்கொண்டார்.

7

ஒரு சந்தேகம். நல்லசாமியை நான் முழுக்க நம்பவில்லை. நீங்களும் நம்பியிருக்க மாட்டீர்கள். அண்ணிமேல் அவருக்கு வேறு மாதிரி எண்ணம் இருந்திருக்குமோ? அவள் விதவையாவது அவருக்கு வசதியோ? எனக்கும் புத்தி அப்படிப் போனது. அப்படி ஒரு பத்தி எழுதியும் பார்த்தேன். படிக்க நன்றாக இருந்தது, அதனாலேயே கிழித்தேன். மனிதர் கேண்டீனில் அந்தத் துண்டைப் பற்றிச் சொன்னபோது அவர் கை, இல்லாத முடிச்சை மேசைமேல் அவிழ்த்துக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்டவரைக் கேவலப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

அவர் சொல்ல முயன்றார். இது உண்மை. கருமாதிக்கு முந்தைய மாலை படித்துறைக்குப் போனார். லீலாவதி அடுப்புக்கரியும் சாம்பலும் வைத்துப் பானை துலக்கிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, ஒரு விசயம்.”

“சத்தம் போடாத தம்பி. வந்திருக்கு.”

ஆற்றில் நீர் ஏறும் நேரம். செம்மண் நிறத்தில் தண்ணீர் மேல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. எதிர்க்கரை மரத்தில் லோத்தோங் குரங்குகள் அசையாமல் உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்தன. அவற்றின் குட்டிகள் ஆரஞ்சு நிறம், தாயோ சாம்பல் நிறம்; யாரோ வேறு வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் இருக்கும்.

தண்ணீரில் மூச்சு கேட்டது.

அது விலங்கின் சத்தம் அல்ல என்று நல்லசாமி அடித்துச் சொன்னார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, வாசற்படியில் உட்கார்கிற ஆள் விடும் மூச்சு அது. பிறகு பலகைக்குப் பக்கத்தில் மொட்டைத் தலை ஒன்று எழும்பியது. சாம்பல் நிறம். மூக்கு இல்லை. சின்னக் கண். வாய் மட்டும் எதையோ தெரிந்து வைத்திருப்பதுபோல் இலேசாக விரிந்திருந்தது. அது லீலாவதியைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி நல்லசாமியைப் பார்த்தது. கழுத்தைத் திருப்பியது, மனிதன் திருப்புவதுபோல.

இடுப்பில் செருகியிருந்த முடிச்சு கல்லாய்க் கனத்தது.

“தெனம் வருது,” என்றாள் லீலாவதி. “அவரு போனதுலேருந்து வருது. மொதல்ல பயந்தேன். அவரோன்னுகூட நெனச்சேன். பைத்தியம் புடிச்சிருச்சின்னு சொல்லாத. இப்பத் தெரிஞ்சிருச்சி, அவரு இல்ல.”

“எப்பிடித் தெரியும் அண்ணி?”

“தேடுது தம்பி. இந்தக் கரையிலேருந்து அந்தக் கரைக்கு. நீப்பாக்குள்ள போவுது, வருது. அதோட சோடி ஏதோ காணாமப் போயிருக்கு. பாவம், அதுக்கு யாரும் கொண்டாந்து சேக்கலல்ல. எனக்காவது நீ கொண்டாந்து சேத்த.”

நல்லசாமிக்கு அங்கேயே விழுந்து அழ வேண்டும்போல் இருந்தது. ஒரே ஆற்றில் துணையைத் தொலைத்த இருவர். ஒருத்தி புருஷனை எரித்துவிட்டதாக நினைக்கிறாள்; எரிந்ததோ மற்றதன் துணை. இருவருக்கும் தெரிய வேண்டிய செய்தி அவர் இடுப்பில் இருக்கிறது. அதில் ஒருத்தியிடம்தான் தமிழில் பேச முடியும்.

“என்ன விசயம் தம்பி, சொல்ல வந்த?”

“ஒண்ணுமில்ல அண்ணி. இருட்டிருச்சி, வாங்க.”

8

மாற்று முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

(அ) நல்லசாமி சொல்லிவிடுகிறார். லீலாவதி தாலியோடு பலகையில் உட்காருகிறாள். அவள் தலை நரைக்கிறது. ஆற்றோரம் கரை கட்டுகிறார்கள், படித்துறையை எடுத்துவிடுகிறார்கள், அவள் கரைமேல் உட்காருகிறாள். புதிதாக வந்தவர்கள் அவளைக் காட்டிப் பிள்ளைகளைச் சோறு உண்ண வைக்கிறார்கள். எழுதி முடித்துவிட்டு நான் அழுதேன். அழுததால் இது நல்ல முடிவாகிவிடாது.

(ஆ) சொல்லவில்லை. தாலி இறங்குகிறது. லீலாவதி ரவாங்குக்குப் போய் வேலையில் சேர்கிறாள். சிரிக்கக் கற்றுக்கொள்கிறாள். இதுதான் நியாயம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு மாலையில் சன்னாசி வந்துவிடுகிறார். பாகான் நக்கோடா ஓமார் கடற்கரையில் மீனவர்கள் காப்பாற்றினார்கள், நினைவு தப்பிக் கிடந்தேன் என்கிறார். சன்னாசி பேருந்திலிருந்து இறங்கி அவள் வீட்டை நோக்கி —

இங்கே நின்றுவிட்டது. ‘நடந்தார்’ என்று எழுத வேண்டும். எளிய சொல்தான். எழுதினேன், படித்தபோது அந்தச் சொல் அங்கே இல்லை. மறுபடி எழுதினேன். சன்னாசியின் முகம் எழுத வருகிறது, தோள் வருகிறது, கை வருகிறது. கையைப் பற்றி நான் எழுதியதை இங்கே தரமாட்டேன். இடுப்புக்குக் கீழே ஒன்றும் வரவில்லை. வாக்கியம் முழுவதும் ஈரமாக இருக்கிறது. அவர் வாசலில், லீலாவதி கதவைத் திறக்கும் உயரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, மூச்சு விடுகிறார். வாய் இலேசாக விரிந்திருக்கிறது.

அந்தத் தாளை நான் மடித்து வெளியே போட்டுவிட்டேன். (ஆ) கிடையாது.

9

ஆகவே எனக்குத் தெரிந்த இடத்தோடு நிறுத்துகிறேன்.

கருமாதி நாள், வெளுக்கும் நேரம். லயத்து வீட்டுக்குள் பெண்கள் மட்டும். லீலாவதிக்குத் தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலும் கடைசி முறையாகப் போட்டு மணையில் உட்கார வைத்திருந்தார்கள். தாலி எடுக்க வந்தவள் பக்கத்து வீட்டுத் திலகம். இளம் வயதிலேயே தாலியை இழந்தவள், அதனால் இந்த வேலை எப்போதும் அவளுக்கு. ஆண்கள் வெளியே செம்பனை மரத்தடியில் நின்றார்கள். ஆண்கள் அதைப் பார்க்கக் கூடாது.

“கண்ண மூடிக்க லீலா,” என்றாள் திலகம்.

“மூடறேன். மொதல்ல நல்லசாமித் தம்பிய உள்ள கூப்பிடுங்க.”

“ஆம்பள வரக்கூடாதுடி.”

“ஒரு வார்த்த கேக்கணும்க்கா. கேக்காம கழுத்தக் குடுக்க மாட்டேன்.”

சலசலப்பு எழுந்து அடங்கியது. யாரோ போய்க் கூப்பிட்டார்கள். நல்லசாமி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திலகத்தின் விரல் சரட்டில் இருந்தது.

லீலாவதி அவரை அண்ணாந்து பார்த்தாள்.

“எல்லாரும் ‘பாக்காத, பாக்காத’ன்னாங்க. நான் பாக்கல. நீ எடுத்து வந்த, நீ கொள்ளி வச்ச, நீ எலும்பு பொறுக்குன. நீ பாத்தியா தம்பி? அது அவருதானா?”

நல்லசாமி எனக்குச் சொன்னது இவ்வளவுதான். அவர் என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. எந்தப் பதிலை எழுதினாலும் ஒரு பெண்ணின் ஆயுளை நான் முடிவுசெய்வதாக ஆகிறது. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. சொன்னால் அவள் காத்திருப்பாள். சொல்லாவிட்டால் பொய்க்குத் தாலியைக் கொடுப்பாள். காத்திருப்பது அவளுக்கு நரகமா, இல்லை அதுதான் அவளுக்கு வேண்டியதா என்று அவளை நேரில் பார்க்காத நான் எப்படிச் சொல்வேன்?

நீங்கள் இப்போது அந்த வீட்டுக்குள் நிற்கிறீர்கள். கித்தானுக்குள் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பூ வாசம் வருகிறது. வெளியே ஆண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள் கேட்டுவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை என்பதால் திலகம் சரட்டை இழுக்கப் பார்க்கிறாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறேன். எழுதுபவனால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

அவள் பலசாலி. எனக்குக் கை வலிக்கிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.